பிரெயில் டிரான்ஸ்கிரிப்ஷனும் புரூஃப் பாக்கிறதும்: கொழும்பில இருந்துகொண்டே பழகி வேலையாக்க ஒரு முழு வழிகாட்டி

அச்சில இருக்கிறதைப் பார்வையில்லாத ஆக்கள் விரலால வாசிக்கிற புள்ளி எழுத்தா மாத்துற பிரெயில் டிரான்ஸ்கிரிப்ஷன் எண்டா நாள் முழுக்க இருந்து புள்ளி குத்துற வேலை எண்டுதான் கனபேர் நினைச்சுக்கொண்டிருக்கினம். இப்ப அப்படி இல்லை. குத்துறதை எம்போசர் மெஷின் செய்யுது, எழுத்தைப் புள்ளியா மாத்துறதை சொஃப்ட்வெயார் செய்யுது. மனுசருக்கு மிஞ்சியிருக்கிறது முன்னால ஒண்டு, பின்னால ஒண்டு. சொஃப்ட்வெயாருக்குள்ள போக முதல் டெக்ஸ்டைச் சுத்தமாக்கிறது, வெளிய வந்த பிறகு விரலால வாசிச்சுப் பிழை பிடிக்கிறது. தமிழ்ல இந்த ரெண்டையும் ஒழுங்காச் செய்யிற ஆக்கள் குறைவு. அதாலதான் இதை ஒரு வேலையாப் பழகலாம் எண்டு சொல்லுறன், ஆனா இருக்கிற வேலையை விட்டுட்டு இதுக்கு வாங்க எண்டு சொல்ல மாட்டன், ஏனெண்டு கடைசியில காசைப் பற்றிக் கதைக்கேக்க விளங்கும்.

முதல்ல, உங்களுக்கு எந்தப் பக்கம்?

அச்சில இருக்கிறதைப் பிரெயிலாக்கிறவர் டிரான்ஸ்கிரைபர். இதைப் பெரும்பாலும் பார்வை உள்ள ஆக்கள்தான் செய்யினம், பக்கத்தில இருக்கிற படம், அட்டவணை, பெட்டிக்குள்ள போட்ட குறிப்பு எல்லாத்தையும் பாத்து இதை எப்படிக் கொண்டுபோறது எண்டு முடிவெடுக்கோணும் எண்டதால. டெக்ஸ்ட் டிஜிட்டலா ஒழுங்கா இருந்தா, ஸ்கிரீனில இருக்கிறதை வாசிச்சுச் சொல்லுற ஸ்கிரீன் ரீடரோட வேலை செய்யிற பார்வையில்லாத ஒருவரும் தாராளமாச் செய்யலாம்.

புரூஃப் பாக்கிறது மற்றப் பக்கம். இது விரலால கெதியா வாசிக்கிறவருக்குச் சொந்தமான வேலை. சின்ன வயசில இருந்து பிரெயில்ல படிச்சு, ஓஎல் ஏஎல் எல்லாம் அதிலயே எழுதி முடிச்சு, இப்ப டெலிபோன் ஒபரேட்டர் வேக்கன்சி வருமா எண்டு பாத்துக்கொண்டிருக்கிற ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தா, உங்கட விரல்ல இருக்கிற வேகத்தை பார்வை உள்ள ஒருவர் எத்தினை வருசம் பழகினாலும் எடுக்கிறது கஷ்டம். மற்ற எல்லாத்தையும் நீங்க பழகிக்கொள்ளலாம்.

ஒரு ஆளே ரெண்டையும் செய்யலாமா எண்டா, செய்யலாம், ஆனா ஒரே புத்தகத்தில ரெண்டையும் செய்யக்கூடாது. தான் செய்ததில தன்ர பிழை தனக்குத் தெரியாது.

எழுத்தைப் பழகிற ஒழுங்கு

ஒரு கட்டத்தில ஆறு புள்ளி. இடப்பக்கம் மேல இருந்து கீழ 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இதில இருந்து 63 வடிவம் வரும். 1809ல பிறந்த லூயி பிரெயில் இதை உருவாக்கேக்க பள்ளிக்கூடப் பெடியன், 1829ல புத்தகமா வெளியிட்டார். தமிழுக்கு வந்த முறைக்குப் பேர் பாரதி பிரெயில், 1951ல இறுதியானது, இந்திய மொழிகள் எல்லாத்துக்கும் ஒரே அடிப்படை. யுனெஸ்கோ பக்கம் இருந்து இதில முக்கியமா நிண்டவர் கிளூதா மக்கென்சி எண்ட நியூசிலாந்துக்காரர், 1915ல கலிப்பொலிச் சண்டையில பார்வையை இழந்தவர்.

நெடுங்கணக்கு வரிசையில பழகாதீங்க, மனசில நிக்காது. இங்கிலீஸ் எழுத்தோட ஒத்துப்போறதை முதல்ல எடுங்க: அ 1, இ 2-4, உ 1-3-6, ஏ 1-5, ஓ 1-3-5, க 1-3, ச 1-4, த 2-3-4-5, ந 1-3-4-5, ப 1-2-3-4, ம 1-3-4, ய 1-3-4-5-6, ர 1-2-3-5, ல 1-2-3, வ 1-2-3-6. இங்கிலீஸ் பிரெயில் தெரிஞ்சவருக்கு இது எல்லாம் ஏற்கனவே தெரியும், தெரியாதவர் ஒரே கல்லில ரெண்டு மாங்காய் அடிச்ச மாதிரி ரெண்டையும் எடுத்துக்கொள்ளலாம். சிங்களப் பிரெயிலும் இதே குடும்பம் எண்டதால பிறகு அதுக்குப் போறதும் லேசு.

இது கைக்கு வந்த பிறகு மிச்சம்: ஆ 3-4-5, ஈ 3-5, ஊ 1-2-5-6, எ 2-6, ஐ 3-4, ஒ 1-3-4-6, ஔ 2-4-6. மெய்யில ங 3-4-6, ஞ 2-5, ட 2-3-4-5-6, ண 3-4-5-6, ழ 1-2-3-5-6, ள 4-5-6, ற 1-2-4-5-6, ன 5-6. ஆய்தத்துக்கு 6ஆம் புள்ளி மட்டும்.

விதி மூண்டுதான். மெய்யெழுத்துக் கட்டம் தனிய நிண்டா அகரம் சேர்ந்தது எண்டு அர்த்தம், 1-3 எண்டா க. உயிர் சேரேக்க உயிரின்ர கட்டம் அப்படியே பின்னால வரும், அச்சில கெ, கே எழுதேக்க கொம்பு முன்னால வாற கதை இங்க இல்லை, வாயில சொல்லுற ஒழுங்கிலதான் கட்டமும் வரும். மூண்டாவதுதான் எல்லாரையும் குழப்பும்: அச்சில மெய்க்கு மேல வைக்கிற புள்ளிக்குப் பதிலா இங்க 4ஆம் புள்ளி, அது மெய்யெழுத்துக்கு முன்னால வரும். அம்மா எண்டு எழுதினா 1, பிறகு 4, பிறகு 1-3-4, திரும்ப 1-3-4, பிறகு 3-4-5. கொழும்பு எண்டு அச்சில நாலு எழுத்து, பிரெயில்ல எட்டுக் கட்டம்: 1-3, 1-3-4-6, 1-2-3-5-6, 1-3-6, 4, 1-3-4, 1-2-3-4, 1-3-6. இதை ஒருக்கா கையால எழுதிப் பாருங்க, மூண்டு விதியும் அதுக்குள்ளயே இருக்கு.

பழகிறதுக்குச் சொல்லு வேணுமெண்டா வீட்டை விட்டு வெளிக்கிட்டுக் காலி வீதியில வாற கடைப் பேர்ப் பலகை எல்லாத்தையும் மனசுக்குள்ள கட்டம் கட்டமா மாத்திக்கொண்டு போங்க. டிராஃபிக்கில நிக்கிற நேரமும் வீணாகாது.

என்ன சாமான் வேணும், எது வேணாம்

ஸ்லேட்டும் ஸ்டைலஸும், அதாவது கட்டம் வெட்டின சட்டமும் புள்ளி குத்துற ஊசியும், காணும் தொடங்கிறதுக்கு. அதில கடதாசியின்ர பின்பக்கத்தில குத்துறதால வலமிருந்து இடமா, கண்ணாடியில தெரியிற மாதிரி எழுதோணும். பெர்கின்ஸ் பிரெயிலர் எண்டுற ஆறு கீ மெஷினில அந்தத் தொல்லை இல்லை, 1951ல வந்த டேவிட் ஏப்ரஹாமின்ர டிசைன்தான் இண்டைக்கும் ஓடுது, எழுதினதை அப்பவே தடவிப் பாக்கலாம். புதுசு வாங்கிறதெண்டா விலை கூட, அதால வாங்காதீங்க, சங்கத்தில, பாடசாலையில, பழைய மாணவரிட்ட இருக்கிறதை இருந்து பழகிறதுக்குக் கேட்டுப் பாருங்க. கடதாசி மட்டும் தடிப்பா இருக்கோணும், கந்தோர்ல ஃபோட்டோகொப்பிக்குப் போடுற 80 ஜிஎஸ்எம் கடதாசியில புள்ளி ரெண்டு தரம் தடவினாலே படுத்திடும். 120க்கு மேல கேளுங்க, புறக்கோட்டை மலிபன் வீதியில கடதாசிக் கடைகள் இருக்கு, ஷீட்டா வாங்கி வெட்டுவிச்சா மலிவு.

கொம்பியூட்டர்ல பழகிறதுக்கு டக்ஸ்பரி கொம்பனியின்ர பெர்கி டக் எண்ட சின்ன சொஃப்ட்வெயார் இலவசம். சாதாரணக் கீபோர்டில எஃப், டி, எஸ் மூண்டும் 1, 2, 3ஆம் புள்ளி, ஜே, கே, எல் மூண்டும் 4, 5, 6. இங்க ஒரு சிக்கல், மலிவுக் கீபோர்ட் கனக்க ஆறு கீயை ஒண்டா அமத்தினா எடுக்காது, நாலோ அஞ்சோதான் எடுக்கும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில கீபோர்ட் வாங்கப் போனா கடையில நோட்பேட்டைத் திறந்து அந்த ஆறையும் ஒரேயடியா அமத்திப் பாருங்க. ஆறு எழுத்தும் விழுந்தாக் காசைக் குடுங்க, இல்லாட்டி அடுத்ததைக் கேளுங்க. கடைக்காரர் ஒரு மாதிரிப் பாப்பார், பரவாயில்லை.

டெக்ஸ்டைப் பிரெயிலாக்கிறதுக்கு டக்ஸ்பரி டிபிடி காசு குடுத்து வாங்கிறது, நிறுவனங்கள் வைச்சிருக்கும். இலவசத்தில லிப்லூயி எண்டுற திறந்த மூல மாற்றி இருக்கு, அதில தமிழ் அட்டவணையும் உண்டு, கன சொஃப்ட்வெயாருக்கு உள்ளுக்க ஓடுறது அதுதான். வியட்நாமின்ர சாவ் மாய் பிரெயிலும் இலவசம், அமெரிக்காவின்ர பிரெயில்பிளாஸ்டர் இங்கிலீஸ் பாடப்புத்தகத்துக்கு நல்லம். பார்வையில்லாத ஆக்களுக்கு என்விடிஏ ஸ்கிரீன் ரீடர், அதுவும் இலவசம். எம்போசர் வாங்கிற யோசினையை இப்ப விட்டுடுங்க.

டெக்ஸ்டைச் சுத்தமாக்கிறது, பாதி வேலை இங்கதான்

இலங்கையில தமிழ் டைப் பண்ணுற கந்தோர்கள்ல இன்னும் பாமினி எண்ட பழைய எழுத்துரு ஓடுது. உங்களுக்கு வாற கோப்பு பாமினியில இருந்தா கண்ணுக்குத் தமிழ், கொம்பியூட்டருக்கு அது இங்கிலீஸ் எழுத்துக் குவியல். அதை அப்படியே மாற்றியில போட்டா வாறது குப்பை. முதல்ல யுனிகோட்டுக்கு மாத்தோணும், மாத்தின பிறகுதான் மறைஞ்சிருக்கிற வினை தொடங்கும்.

ரெண்டு உதாரணம் சொல்லுறன், இது ரெண்டும் தெரிஞ்சாலே நீங்க பாதித் தூரம். அவர்கள் எண்டதில வாற ர் சில கோப்பில உண்மையான ர் இல்லை, துணைக்கால் போட்டு அதுக்கு மேல புள்ளி வைச்சிருக்கும், அவா்கள் எண்டு. கிட்ட வைச்சுப் பாத்தாலும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒண்டுதான். பிரெயில்ல அது ர் இல்லை, ஆகாரக் கட்டம், 3-4-5, வாசிக்கிறவருக்கு வசனமே உடைஞ்சு போகும். அடுத்தது ஔவையார். கனபேர் ஒ அடிச்சுப் பக்கத்தில ள அடிச்சு ஒளவையார் எண்டு விட்டிருப்பினம். ஔ எண்டா 2-4-6, ஒரு கட்டம். ஒள எண்டா 1-3-4-6, 4-5-6, ரெண்டு கட்டம். அச்சில யாருக்கும் தெரியாமப் போன பிழை விரலுக்கு உடன தெரியும், பிள்ளை ஒ-ள-வை-யார் எண்டு வாசிக்கும். கெளரவம், பெளர்ணமி எல்லாத்திலயும் இதே கூத்துத்தான்.

அதால ஒரு தேடி மாத்துற பட்டியலைச் செய்து வைச்சுக்கொள்ளுங்க. துணைக்காலுக்குப் பின்னால புள்ளி வாற இடம், ஒ பின்னால ள, ஒற்றைக் கொம்பு போட்ட எழுத்துக்குப் பின்னால ள, ரெட்டை இடைவெளி, வரி முடிவில தேவையில்லாத என்டர் எண்டு ஒவ்வொரு வேலையிலயும் பட்டியல் நீளும். இந்த ள வாற இடங்களை ஒரேயடியா மாத்தாதீங்க, ஒளி, வெளி, தெளிவு எல்லாம் உடைஞ்சிடும், ஒவ்வொண்டாப் பாத்து மாத்துங்க. பிறகு முழுக் கோப்பையும் ஸ்கிரீன் ரீடரின்ர தமிழ்க் குரலுக்கு வாசிக்கக் குடுங்க, கண்ணுக்குத் தப்பினது காதில இடறும்.

இலக்கம் இன்னொரு குழி. பிரெயில்ல இலக்கத்துக்குத் தனி வடிவம் இல்லை, இலக்கக் குறி 3-4-5-6ஐப் போட்டுட்டு இங்கிலீஸ் முதல் பத்து எழுத்தை 1 தொடக்கம் 9, பிறகு 0 எண்டு எடுக்கிறது. அந்த இலக்கக் குறிதான் தமிழ்ல ண. சாதாரணத் தமிழ்ச் சொல்லு ணவில தொடங்காது எண்டதால சொல்லின்ர முன்னுக்கு வந்தா இலக்கம், நடுவில வந்தா ண எண்டு வாசகர் எடுத்துக்கொள்ளுவார். பிரச்சினை இலக்கத்தோட தமிழ் ஒட்டி வரேக்க. 2022இல் எண்டு எழுதினா இ எண்டுறது 2-4, அதுதான் 9. ஆக அது 20229ல் எண்டு வாசிபடும். தரம் 10ஏ எண்டு வகுப்புப் பேர் இருந்தா ஏ எண்டுறது 5, அது 105. 1996ஆம் எண்டா பிழையில்லை, ஆ அந்தப் பத்துக்குள்ள இல்லை. இந்த இடத்தில சின்னக்கோடு போடுறதா, இடைவெளி விடுறதா எண்டு வேலை தாற இடத்தில கேட்டு எழுதி வைச்சு, புத்தகம் முழுக்க அதையே பிடிங்க. சொஃப்ட்வெயார் பாத்துக்கொள்ளும் எண்டு நம்பாதீங்க.

பக்க அமைப்பு

வழமையான எம்போசர்ப் பக்கம் வரிக்கு 40 கட்டம், 25 வரி, கடதாசி 11க்கு 11.5 இஞ்சி. அச்சில ஒரு பக்கம் பிரெயில்ல ரெண்டு மூண்டு பக்கமாப் போகும் எண்டதால ஒரு பாடப்புத்தகம் பல பாகமா வரும். பந்தி மூண்டாவது கட்டத்தில தொடங்கி அடுத்த வரி முதலாம் கட்டத்துக்கு வரும், தலைப்பு நடுவில. பிரெயில் பக்க இலக்கத்தோட அச்சுப் பக்க இலக்கத்தையும் கட்டாயம் போடுங்க, டீச்சர் 42ஆம் பக்கத்தைத் திறவுங்க எண்டு சொல்லேக்க அந்தப் பிள்ளையும் திறக்கோணும்.

வரி முடிவில 4ஆம் புள்ளி தனிய நிண்டு அதுக்குரிய மெய் அடுத்த வரிக்குப் போகக்கூடாது. அட்டவணை அகலமா இருந்தா அதை இறுக்கி உள்ளுக்குத் தள்ளப் பாக்காம ஒவ்வொரு வரிசையாப் பிரிச்சு எழுதுங்க. படத்துக்கு முதல்ல கேக்க வேண்டியது, இந்தப் படம் இல்லாட்டிப் பாடம் விளங்காதா எண்டு. பூவும் வண்ணத்துப்பூச்சியும் அலங்காரத்துக்குப் போட்டிருந்தா விட்டுடுங்க, இலங்கைப் படமும் மின்சுற்றும் எண்டா தொட்டுணரக்கூடிய வரைபடம் வேணும், அது தனிப் பழக்கம், பிறகு பாப்பம். கணிதக் குறியீடும் அப்படித்தான், தொடக்கத்தில கணிதப் புத்தகத்தை ஏற்காதீங்க.

புரூஃப் பாக்கிறது

ரெண்டு பேர் இருந்து செய்யிறதுதான் சரியான முறை. ஒருவர் பிரெயிலை விரலால வாசிச்சு சத்தமாச் சொல்லுவார், மற்றவர் அச்சுப் பிரதியைக் கண்ணால பின்தொடருவார். காற்புள்ளி, மேற்கோள், புதுப் பந்தி எல்லாத்தையும் வாயால சொல்லோணும். கருத்தை விளங்கிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினா பிழை தப்பிடும், மூளை தானாத் திருத்தி வாசிச்சிடும், அதால மெதுவா, கொஞ்சம் கதையில அக்கறை இல்லாத மாதிரி வாசிக்கோணும். இது நல்ல வாசகருக்குத்தான் கஷ்டமா இருக்கும்.

தமிழ்ல ஆபத்தான பிழை சொல்லே இல்லாத சொல்லு வாறது இல்லை, வேற ஒரு சரியான சொல்லு வாறது. 6ஆம் புள்ளியை மட்டும் எடுத்துப் பாருங்க. ட எண்டுறது 2-3-4-5-6, அதில 6 விழாட்டி த. ழவில 6 விழாட்டி ர. வவில 6 விழாட்டி ல. அப்ப பாடம் பாதமாகும், கடை கதையாகும், மழை மரையாகும், அவை அலையாகும். எல்லாம் அகராதியில இருக்கிற சொல்லு, எந்த ஸ்பெல் செக்கரும் பிடிக்காது.

என்னோட வேலை செய்யிற சிநேகிதி ஒருத்தி, நல்ல வேகமா வாசிக்கிறவ, ஒரு நாள் தலைப்பில விரலை வைச்சதும் "பாதம் மூண்டா? இது என்ன, சப்பாத்துக் கடைப் புத்தகமா?" எண்டா. நான் பாடம் 3 எண்டேன். அவ அந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லேல்லை, அடுத்த பக்கம் முழுக்க டவையும் ழவையும் தேடித் தடவிப் பாத்தா. இதுதான் புரூஃப் ரீடரின்ர மூளை. ஒரு இடத்தில மட்டும் பிழையெண்டா அது டெக்ஸ்ட் பிழை. எல்லா டவும் தவா இருந்தா மெஷினில ஊசி தேய்ஞ்சிருக்கு, கோப்பைத் திருத்திப் பிரயோசனம் இல்லை. நிச்சயப்படுத்த, எம்போசருக்குப் போற பிரெயில் கோப்பை, பிஆர்எஃப் எண்டு சொல்லுறதை, திறந்து பாருங்க, அதில கட்டம் எல்லாம் சாதாரண எழுத்துக் குறியாத்தான் தெரியும். ட எண்டுறது மூடுற அடைப்புக்குறியா நிக்கும், ழ திறக்கிற அடைப்புக்குறியா. அடைப்புக்குறி அந்த இடத்தில இருந்தாக் கோப்புச் சரி, எம்போசர்தான் பிழை.

இதே மாதிரி ஒரு புள்ளி வித்தியாசத்தில இருக்கிற சோடிகளை நீங்களே எழுதி வைச்சுப் பழகுங்க. னவும் ளவும் 4ஆம் புள்ளியில மாறும், மவும் நவும் 5ஆம் புள்ளியில, நவும் யவும் 6ஆம் புள்ளியில. புள்ளிக்குரிய 4 விழாமப் போனா அம்மா அமமா ஆகிடும், அது பரவாயில்லை, வாசிக்கேக்கயே தெரியும்.

பிழையைக் குறிக்கிறதுக்கு ஒரு தாள்: பிரெயில் பக்கம், வரி, இப்ப இருக்கிறது, இருக்க வேண்டியது, எந்த வகைப் பிழை. அச்சுப் புத்தகத்திலேயே பிழை இருந்தா அதைத் தனியாக் குறியுங்க, திருத்தாதீங்க. அதை முடிவெடுக்கிறது வேலை தந்தவர்.

பார்வை உள்ளவர் ஸ்கிரீனில மட்டும் பாத்துச் சரி எண்டு அனுப்பினா மாற்றத்தில வந்த பிழை பிடிபடும், கடதாசியில வந்தது பிடிபடாது. கடதாசியைக் கண்ணால பாக்கிறதெண்டா மேசை விளக்கைப் பக்கவாட்டில சரிச்சு வையுங்க, நிழல் விழுந்தாத்தான் புள்ளி தெரியும். ரெண்டு பக்கமும் அடிச்ச கடதாசியில பள்ளமும் மேடும் கலந்து தலையிடி வரும், விரலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இங்கிலீஸும் சான்றிதழும்

கொழும்பில வாற வேலையில இங்கிலீஸ் கலக்காம வராது. இப்ப உலகத்தில ஓடுறது ஒருங்கிணைந்த இங்கிலீஸ் பிரெயில், யுஈபி எண்டு சொல்லுறது, 2004ல சர்வதேச இங்கிலீஸ் பிரெயில் சபை ஏற்றது, அமெரிக்கா 2016 ஜனவரி 4ல மாறினது. அதில 180 அளவில சுருக்கம் இருக்கு. தமிழ்ல நாங்க எழுத்தெழுத்தா முழுசா எழுதுறதால இது புதுப் பழக்கமாத் தெரியும். பழைய முறையில பள்ளிக்கூடத்தில படிச்ச ஆக்கள் எனக்கு இங்கிலீஸ் பிரெயில் தெரியும் எண்டு விட்டுடாதீங்க, யுஈபியில 9 பழைய சுருக்கத்தை எடுத்திட்டாங்க, நிறுத்தக் குறியிலயும் மாற்றம் இருக்கு.

பழகிறதுக்கு அவுஸ்திரேலியாவின்ர யுஈபி ஒன்லைன் இலவசம், ஸ்கிரீன் ரீடருக்கு ஏத்த வடிவமும் இருக்கு. எல்லாரும் கேக்கிற அமெரிக்கக் காங்கிரஸ் நூலகச் சான்றிதழ் அந்த நாட்டில இருக்கிற ஆக்களுக்குத்தான், 19 பாடம் முடிச்சு 35 பிரெயில் பக்கத்தில ஒரு மாதிரிப் பிரதி செய்து குடுக்கோணும், புரூஃப் ரீடருக்குத் தனியா ஒண்டு இருக்கு. எங்களுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காட்டிலும் அதின்ர பாடநூல் இணையத்தில கிடக்கு. அந்த 35 பக்க அளவை உங்களுக்கு நீங்களே வைச்ச பரீட்சையா எடுத்து, தமிழ்ல ஒரு பிரதி செய்து, பார்வையில்லாத ஒருவரிட்டக் குடுத்துப் புரூஃப் பாக்கச் சொல்லுங்க. வேலை கேட்டுப் போகேக்க சான்றிதழை விட அந்தப் பிரதியும் அதின்ர பிழைத் தாளும் கூடக் கதைக்கும்.

எங்க போறது

ரத்மலானையில 1912ல தொடங்கின செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலை இருக்கு, புறக்கோட்டையில இருந்து 100, 101 பஸ் ரெண்டும் அந்தப் பக்கம்தான் போகும். கொம்பனித்தெருவில விழிப்புலனற்றோர் சபை. தமிழ்ப் பக்கம் வாசிக்கிற பிள்ளையள் கூட இருக்கிறது வடக்கில, சுன்னாகம் வாழ்வகம், கைதடி நவீல்ட் பாடசாலை மாதிரி இடங்கள், கொழும்பில இருந்து கோப்பு அனுப்பிக் கூட வேலை செய்யலாம். திடீரெண்டு போய் நிக்காம ஒரு கடிதமும் மாதிரிக்கு அஞ்சு பக்கமும் அனுப்பிட்டுப் போங்க. நான் உதவி செய்ய வந்தனான் எண்ட தோரணை வேணாம், அங்க இருக்கிற ஆக்கள் உங்களை விட நல்லா வாசிப்பினம்.

சட்டத்தைப் பற்றி ரெண்டு வரி. பதிப்புரிமை உள்ள புத்தகத்தைப் பிரெயிலாக்க வழிவிடுறது 2013 மராகேஷ் உடன்படிக்கை, இலங்கை 2016ல சேர்ந்தது. அந்த வழி முக்கியமா இலாப நோக்கில்லாத நிறுவனங்களுக்கு, அதால புத்தக வேலையை ஒரு சங்கத்துக்கு ஊடா எடுங்க, தனியாச் செய்து விக்கிற வேலை வேணாம். பரீட்சை வினாத்தாளும் பிரெயில்ல வாறதுதான், ஆனா அது இரகசியம் காக்கிற வேலை, கேட்டுப் போய் எடுக்கிற வேலை இல்லை.

காசு

முழுநேர வேலையா இது கிடைக்கிறது அரிது, கிடைச்சாலும் ஒரு நிறுவனத்துக்குள்ள மற்ற வேலையோட சேர்த்துத்தான். மிச்சம் எல்லாம் துண்டு வேலை: பல்கலைக்கழக மாணவருக்கு நோட்ஸ், சமயப் புத்தகம், ஹோட்டல் மெனு, விசிட்டிங் கார்ட், லிஃப்டுக்கு ஒட்டுற பெயர்த்தகடு. ஒரு மாதம் நெருக்கும், அடுத்த மாதம் ஒண்டும் இராது. டைப்செட்டிங், மொழிபெயர்ப்பு, சப்டைட்டில் எண்டு பக்கத்தில ஒரு வேலை இருந்தா இது நல்லாச் சேரும். தமிழ், சிங்களம், இங்கிலீஸ் மூண்டையும் செய்யிறவருக்கு இங்க வாய்ப்புக் கூட.

விலையை பிரெயில் பக்கத்துக்குச் சொல்லுங்க, அச்சுப் பக்கத்துக்குச் சொன்னா மூண்டு மடங்கு வேலைக்கு ஒரு மடங்கு காசுதான். முதல்ல அஞ்சு பக்கத்தை நேரம் பாத்துச் செய்து, ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு வந்தாக் கட்டுப்படும் எண்டு கணக்குப் போட்டு அதில இருந்து பக்க விலையை எடுங்க. பாமினிக் கோப்பு, ஸ்கேன் கோப்பு எண்டா சுத்தமாக்கிறதுக்குத் தனி விலை. புரூஃப் பாக்கிறவருக்கும் கூட இருந்து வாசிக்கிறவருக்கும் வேற வேறயாக் காசு போடுங்க, சேவை மனப்பான்மையில செய்வினம்தானே எண்டு யாராவது புரூஃபை இலவசமாக் கேட்டா அந்த வேலையை எடுக்காதீங்க.

கோப்பாக் குடுக்கிறதா அச்சடிச்சுக் குடுக்கிறதா, கடதாசிக் காசு யாருக்கு, எத்தினை தரம் திருத்தித் தாறது எண்டதை எல்லாம் ஒரு பக்கத்தில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்க. முடிஞ்ச வேலையின்ர சுத்தமான டெக்ஸ்டையும் பிஆர்எஃப்பையும் அழிக்காம வைச்சிருங்க. அடுத்த பதிப்பு வரேக்க மாறின பக்கத்தை மட்டும் செய்து குடுக்கலாம், அதுக்கு என்ன விலை எண்டதையும் முதல் பில்லிலேயே போட்டுடுங்க.